சுமைகூலி முக்கால் பணம்: கார் ரிப்பேர் கேள்வி பதில்

கிளட்ச் செட் விலைய ஆன்லைன்ல பாத்தேன் சார், மெக்கானிக் குடுத்த எஸ்டிமேட் அதவிட ரெண்டு மடங்குக்கு மேல வருது. ஏமாத்துறாரா?

அப்படி உடனே முடிவு கட்டிடாதீங்க. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்கல்ல, அத கிளட்ச் வேலைக்குன்னே சொல்லி வச்ச மாதிரி இருக்கும். கிளட்ச் இருக்குறது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல, அத தொடணும்னாலே டிரைவ் ஷாஃப்ட்ட உருவி, மவுண்டிங்க கழட்டி, கியர்பாக்ஸ மொத்தமா இறக்கணும், அப்புறம் அதே மாதிரி திரும்ப ஏத்தணும். முன்சக்கரம் இழுக்குற சாதாரண கார்லயே 4 லேருந்து 6 மணி நேரம் ஆகும், சில கார்ல அதுக்கும் மேல. நீங்க காசு குடுக்குறது முக்கியமா அந்த நேரத்துக்குத்தான்.

அதனால இங்க கஞ்சத்தனம் பண்ணக்கூடாத இடம் ஒண்ணு இருக்கு. கிளட்ச் பிளேட்ட மட்டும் மாத்துங்க, அத அழுத்திப் புடிக்கிற பிரஷர் பிளேட்டும், பெடல மிதிச்சா அத விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கும் நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டு, ஆறு மாசம் கழிச்சு பேரிங் கத்த ஆரம்பிச்சா மறுபடி கியர்பாக்ஸ் இறக்கணும், அதே லேபர முழுசா இன்னொரு தடவ குடுக்கணும். மூணையும் செட்டா மாத்திடுங்க. டீசல் கார்னா டூயல் மாஸ் ஃப்ளைவீல், அதாவது இன்ஜின் அதிர்வ உள்வாங்குற ரெண்டு அடுக்கு சக்கரம், இருக்கான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, அது போயிருந்தா கிளட்ச் செட்டவிட அது ஒண்ணே அதிகமா வரும், பாதி வேலைல போன் பண்ணி சொன்னா நமக்கு பகீர்னு இருக்கும்.

பிரேக் கீச்சுனு கத்துது. பேட் மட்டும் போதுமா, டிஸ்க்கும் மாத்தணும்ங்கிறாங்க.

பேட் மாத்துறது கார் வேலையிலயே சின்ன வேலைல ஒண்ணு, ரெண்டு முன்சக்கரத்துக்கும் சேத்து ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். சக்கரத்தோட சுத்துற டிஸ்க்க அழுத்தி வண்டிய நிறுத்துறது இந்த பேட்தான், அதுல தேயுற பகுதியோட தடிமன் 3 மில்லிமீட்டர் கிட்ட வந்துட்டா மாத்திடணும். நிறைய பேட்ல ஒரு சின்ன தகடு வச்சிருப்பாங்க, தேஞ்சு முடியுற நேரத்துல அது டிஸ்க்ல உரசி கத்தும், அதுதான் உங்களுக்கு கேக்குற சத்தமா இருக்கலாம். அத கேட்டும் கேக்காத மாதிரி ஓட்டுனா பேட்டோட இரும்பு டிஸ்க்க கோடு கோடா சீவிடும், அப்புறம் டிஸ்க் செலவும் சேந்துக்கும். மாத்தணுமா வேண்டாமாங்கிறத மெக்கானிக்கோட வாய் வார்த்தைய வச்சு முடிவு பண்ணாதீங்க, குறைஞ்சபட்ச தடிமன் எவ்வளவுன்னு பெரும்பாலும் டிஸ்க்லயே பொறிச்சிருக்கும், அளந்து காட்டுங்கன்னு கேளுங்க. பேடோ டிஸ்க்கோ எத மாத்துனாலும் இடது வலது ரெண்டுலயும் சேத்துத்தான்.

இன்ஜின் லைட் எரிஞ்சுது. ஸ்கேன் பண்ணி ஒரு சென்சார் மாத்துனாங்க, ஒரு வாரத்துல திரும்ப எரியுது. யார் மேல தப்பு?

ஸ்கேனர் மேல இல்ல. அது குடுக்குறது அறிகுறிதான், எந்த பார்ட்ட மாத்தணும்னு அது சொல்றதில்ல. ஸ்கேனர்ல பி0171னு எரர் கோடு வந்தா பெட்ரோல் பத்தல, காத்து அதிகம்னு அர்த்தம், அதுக்கு காரணம் எங்கயோ கிழிஞ்ச வாக்கம் ஹோஸா இருக்கலாம், அழுக்கேறுன காத்து சென்சாரா இருக்கலாம், வலுவிழந்த ஃப்யூல் பம்ப்பாவும் இருக்கலாம். ரப்பர் ஹோஸ் ஒண்ணுக்காக வரிசையா சென்சாரா மாத்துனவங்கள்ல நானும் ஒருத்தன், அதனால வயித்தெரிச்சலோட சொல்றேன், பழுத கண்டுபிடிக்க தனியா சார்ஜ் கேட்டா குடுத்துடுங்க. குத்துமதிப்பா மாத்துற மூணு பார்ட்டவிட அது கம்மியாத்தான் வரும். குறிப்பா பி0420 வந்தா அவசரப்படாதீங்க. அது புகைய சுத்தப்படுத்துற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலங்கிற எரர் கோடு, அதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு விலை ஒசந்த உலோகமெல்லாம் இருக்கு, விலையும் அதுக்கேத்த மாதிரிதான். எக்ஸாஸ்ட் பைப்ல லீக் இருந்தாலும் இதே கோடு வரும், மொதல்ல அத பாக்கச் சொல்லுங்க.

வருஷா வருஷம் ஏசி கேஸ் நிரப்புறேன், இது வழக்கமான செலவுதானே?

இல்லங்க. பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருளா அது? மூடுன பைப்புக்குள்ளயே சுத்தி வர்றது. வருஷத்துக்கு ஒரு தடவ குறையுதுன்னா எங்கயோ ஓட்டை இருக்கு. நைட்ரஜன் அடிச்சோ, சாயம் விட்டோ லீக் எங்கன்னு பாத்து அத அடைக்கச் சொல்லுங்க. சில புது கார்கள்ல வர்ற ஆர்1234ஒய்எஃப் கேஸ், பழைய ஆர்134ஏவவிட விலை ரொம்ப அதிகம், அத வருஷா வருஷம் காத்துல விட்டா கட்டுப்படியாகாது.

வண்டி நல்லாத்தானே ஓடுது, டைமிங் பெல்ட்ட எதுக்கு மாத்தணும்?

இன்ஜின்ல பிஸ்டனும் வால்வும் ஒண்ணுக்கொண்ணு நேரம் தப்பாம ஓட வைக்கிறது அந்த பெல்ட்தான், அது அறுந்து போறதுக்கு முன்னாடி பெரும்பாலும் சத்தமே போடாது. நிறைய இன்ஜின்ல அது அறுந்தா பிஸ்டன் போய் வால்வுல மோதி வால்வு வளைஞ்சிடும், இன்ஜினோட மேல் பகுதியான ஹெட்ட இறக்கி, வால்வு மாத்தி, கேஸ்கெட் போட்டுன்னு பெல்ட் செலவுக்கு பல மடங்கு ஆயிடும். எத்தனை கிலோமீட்டர்னு உங்க கார் மேனுவல்ல போட்டிருக்கும், நிறைய கார்ல 60,000 லேருந்து 1,00,000க்குள்ள வரும். வருஷக் கணக்கும் உண்டு, கம்மியா ஓட்டுறவங்க அத மறந்துடுறாங்க. வாட்டர் பம்ப்ப அந்த பெல்ட்டே சுத்துதுன்னா அதையும் அப்பவே மாத்துங்க, எப்படியும் எல்லாத்தையும் கழட்டித்தான வச்சிருப்பாங்க.

புது பேட்டரி போட்டும் ரெண்டு நாள்ல டவுன் ஆயிடுது. பேட்டரி டூப்ளிகேட்டா?

பேட்டரிய திட்டுறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் வச்சு பாருங்க. ராத்திரி நிறுத்தி வச்ச வண்டில காலைல 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், ஸ்டார்ட் பண்ணதும் 14 கிட்ட ஏறணும். ஏறலன்னா இன்ஜின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரோ அதோட பெல்ட்டோ ஒயரோதான் பிரச்சனை, பாவம் அந்த பேட்டரி என்ன பண்ணும். ஏறுதுன்னா வண்டி நிறுத்துன அப்புறமும் ஏதோ ஒண்ணு கரண்ட உறிஞ்சுது, பின்னாடி மாட்டுன மியூசிக் சிஸ்டம், கேமரா மாதிரி எதாவது இருந்தா அதுலேருந்து தேட ஆரம்பிங்க.