பேலன்சிங் செய்தும் போகாத அதிர்வு
20 வருடப் பழைய முன்சக்கர இழுவைக் கார், வீல் பேலன்சிங் இரண்டு முறை செய்தும் 80 கி.மீ. வேகத்தில் சில நேரம் மட்டும் அதிர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மேம்பாலம் ஏறும்போது அதிகம் என்றீர்களே, அதுதான் முக்கியம்; அப்போதுதான் ஆக்ஸிலேட்டரை அதிகம் மிதிப்போம். சக்கரத்தில் கோளாறு என்றால் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் அதே வேகத்தில் அதிரும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சட்டென்று அடங்கினால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஆக்சில் ஜாயின்ட்டை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் உள்பக்க மூட்டைப் பாருங்கள். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருந்தால் சுற்றிலும் கிரீஸ் கருப்பாகத் தெறித்திருக்கும். பூட் நன்றாக இருந்தும் உள்ளே தேய்ந்திருக்கலாம். என் பழைய வண்டியில் ஜாயின்ட்டுக்குள் உருளைகள் ஓடும் தடத்தை நகத்தால் தடவியபோதுதான் பள்ளம் தெரிந்தது. அப்படியென்றால் ஜாயின்ட்டையே மாற்றிவிடுங்கள், புது கிரீஸ் மட்டும் போதாது. அப்புறம், என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இறங்கியிருந்தால் ஆக்சில் கோணம் மாறி, புது ஜாயின்ட் போட்டும் அதிர்வு வரலாம்.