வாழ்க்கைப்பட்ட மெட்டு

கேள்வி: பிஜி நாட்டின் தேசிய கீதம் ஓர் அமெரிக்கப் பாட்டின் மெட்டைத் திருடியதாமே! ஒரு நாட்டுக்கு இது வெட்கக்கேடு இல்லையா? (வாசகர் ஒருவர், மன்னார்குடி)

பதில்: ‘திருட்டு’ என்ற சொல்லை நம் சினிமா இசையமைப்பாளர்களுக்காகப் பத்திரமாக வைத்திருங்கள், எடுத்த இடத்தை மறைப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். பிஜி எடுத்த இடம் ஊரறிந்தது. சார்லஸ் ஆஸ்டின் மைல்ஸ் 1911-இல் இயற்றிய அந்தக் கிறித்தவப் பாடல், பியூலா நாட்டில் வாழ்வதைப் பற்றியது. பைபிளின் ஏசாயா நூலில் வரும் பியூலா என்ற எபிரேயச் சொல்லுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று பொருள். ஆக, ஏற்கெனவே வாழ்க்கைப்பட்ட மெட்டொன்று, 1970-இல் விடுதலை பெற்ற பிஜிக்கு, சீர்வரிசை ஏதுமின்றி இரண்டாம் முறையாக வாழ்க்கைப்பட்டிருக்கிறது; இதற்கு வாழ்த்துச் சொல்வதை விட்டுவிட்டு நீங்கள் ஏன் காவல் நிலையத்துக்கு ஓடுகிறீர்கள்? அமெரிக்கர்களின் சொந்தத் தேசிய கீதமே லண்டன் இசைச் சங்கம் ஒன்றின் பாட்டு மெட்டில் அமைந்ததுதான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது சொற்களைப் பற்றி. மைக்கேல் பிரெஸ்காட் எழுதிய ஆங்கில வரிகள் கடவுளின் ஆசியை வேண்டி, நீலக் கொடியின் கீழ் ஒன்றுபட்டு நிற்கின்றன. அதே மெட்டில் அமைந்த பிஜி மொழி வரிகளோ, தலைவர்கள் நல்ல பெருமக்களாக இருக்கட்டும், மக்களை நன்மையின்பால் நடத்தட்டும், தீய நடத்தை ஒழியட்டும் என்கின்றன. மொழிபெயர்ப்பு என்றால் சொல்லுக்குச் சொல் நிற்க வேண்டும் என்று இருபது ஆண்டுகளாக எனக்குக் கடிதம் எழுதிவரும் புலவர் நண்பர் இதைப் பார்த்தால் மூர்ச்சையாகிவிடுவார். எனக்குப் பிஜி மொழி வரிகளே பிடித்திருக்கின்றன, ஏனெனில் அவற்றுக்குத் தேவை இருந்திருக்கிறது: 1987-இல் இரண்டு முறையும், 2000-இலும், 2006-இலும் அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது.

கீதம் பாடும் அந்த நீலக் கொடியின் மூலையில் பிரிட்டிஷ் கொடி இருக்கிறது. 2006-இல் ஆட்சியைக் கைப்பற்றிய பைனிமராமா, பிற்பாடு தேர்தலில் வென்று பிரதமராக இருந்தபோது, 2015-இல் அதை நீக்க முற்பட்டார். 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் ரக்பி இறுதிப் போட்டியில் பிஜி, பிரிட்டனை 43–7 என்ற கணக்கில் வீழ்த்தித் தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தங்கமாகவே பெற்றது. சில நாட்களில் பிரதமர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அன்று மண்டியிட்டு நின்ற வீரர்களுக்குப் பிரிட்டிஷ் இளவரசி ஆன் பதக்கம் அணிவித்தார். பியூலாவின் மெட்டு ஒலிக்க, வென்றவர் கொடி மேலேறியது, மூலையில் தோற்றவர் கொடியையும் ஏந்திக்கொண்டு.