அந்த நாற்பது பேர் யார்?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். ஓராண்டாக லிங்க்ட்இன் தளத்தில் எழுதி வருகிறேன். அல்போன்சா பழத்தின் உள்ளே சதை பஞ்சாகிவிடும் குறைபாட்டைக் கொள்முதலின்போதே கண்டறிவது பற்றி எழுதியதை நாற்பது பேர்தான் விரும்பினார்கள். பட்டமளிப்பு விழாவில் என் தாயாருடன் எடுத்துக்கொண்ட பழைய படத்தை இட்டபோதோ ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். "இனி இப்படியே எழுது, அல்லது கல் வைத்துப் பழுக்கவைத்த விஷ மாம்பழம் என்று பரபரப்பாகத் தலைப்பிடு" என்கிறார் உடன் பணிபுரியும் தோழி. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு மாற விரும்பும் நான் எந்த வழியில் செல்வது?
- வாசகி, போச்சம்பள்ளி

பதில்: அந்த நாற்பது பேர் யார் என்பதைத்தான் நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டும். பதிவின் புள்ளிவிவரப் பகுதியைத் திறந்தால், அதைப் பார்த்தவர்களின் பதவி, துறை, ஊர், நிறுவனம் ஆகியவற்றைத் தளம் தொகுத்துக் காட்டும். விரும்பியவர்களின் பெயர்கள் வெளிப்படையாகவே இருக்கும். அவர்களில் கொள்முதல் மேலாளர் ஒருவரும், பழச்சாறு நிறுவனத்தின் உணவுத் தொழில்நுட்பர் ஒருவரும் இருந்தால்கூட, வேலை மாற நினைக்கும் உங்களுக்கு அந்த ஆயிரக்கணக்கானோரைவிட அவர்கள் இருவரும்தான் நெருக்கமானவர்கள். மேல்தோலில் கீறல்கூட இல்லாத அல்போன்சா, உள்ளே வெளிறிப் பஞ்சாகிப் புளித்துக் கிடப்பதன் இழப்பு, அதை வெட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அத்தகையவர்களில் நாற்பது பேர் உங்களைப் படித்தார்கள் என்றால் அது சிறிய எண்ணிக்கை அன்று.

தாயாரின் படத்தை இட்டதில் தவறேதும் இல்லை. அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்; அதற்குத் தளம் இயங்கும் விதமும் ஒரு காரணம். ஒரு பதிவு முதலில் நம் தொடர்பில் இருப்பவர்களுள் ஒரு பகுதியினருக்கே காட்டப்படுகிறது. அவர்கள் நின்று படித்துக் கருத்து எழுதினால்தான் அவர்களைச் சார்ந்தவர்களிடம் அது பரவுகிறது. மாங்கூழோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆயிரம் பேரின் இணைப்புக் கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டு, அடுத்த வாரம் கூழின் இனிப்புச் செறிவைக் காட்டும் பிரிக்ஸ் அளவைப் பற்றி எழுதினால், முதலில் காண்பவர்கள் அதைக் கடந்து போய்விடுவார்கள். படிக்க வேண்டியவரிடம் அது சேராமலே நின்றுவிடும்.

தோழியின் இரண்டாவது யோசனையைக் கடுமையாகவே மறுக்கிறேன். பழங்களைப் பழுக்கவைக்கக் கால்சியம் கார்பைடு கல்லைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டுள்ளது என்பதும், எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அனுமதிக்கிறது என்பதும் தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் குழப்பி "விஷ மாம்பழம்" என்று எழுதினால் கூட்டம் சேரும். ஆனால், பருவ நேரத்தில் அந்தச் செய்தி பரவினால், சந்தூரிலும் காவேரிப்பட்டணத்திலும் இருக்கும் தோட்டக்காரர் தாம் செய்யாத தவறுக்காக விலையை இழப்பார். அவருடைய பழத்தை நம்பித்தான் உங்கள் தொழிற்சாலையே ஓடுகிறது. கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் எச்சம் இருக்கக்கூடும் என்பதால்தான் அது தடைசெய்யப்பட்டது என்பதையும், பழுக்கவைக்கும் அறையில் எத்திலீன் அளவு எப்படிக் கண்காணிக்கப்படுகிறது என்பதையும் நிதானமாக விளக்கி எழுதுங்கள். பரபரப்புக்கு இடமிருந்தும் அளவோடு எழுதியவரிடம் ஆய்வறிக்கையை நம்பி ஒப்படைக்கலாம் என்று ஏற்றுமதியாளர் எண்ணுவார்.

பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரிக்கு 220 எழுத்துகள் வரை இடமுண்டு. அதில் "தர அலுவலர்" என்று மட்டும் போடாமல், எந்தப் பழம், எத்தனை பருவங்கள், எந்த ஊர் என்பவற்றையும் சேருங்கள். நாம் பெங்களூரா என்று அழைக்கும் பழத்தை வெளிநாட்டினர் தோத்தாபுரி என்றுதான் தேடுவார்கள். ஆகவே அந்தப் பெயரும் இருக்கட்டும். எளிய ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

இன்னொன்றிலும் கவனம் தேவை. தொழிற்சாலையின் ஆய்வு முடிவுகள், வாடிக்கையாளர் பெயர்கள், கொள்முதல் விலை ஆகியவை உங்களுடைய சொத்து அல்ல. வெட்டும் மேசையில் எடுத்த படத்தை இடுவதாக இருந்தாலும் மேலாளரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். இதில் ஒருமுறை தவறினாலும், எந்த ஏற்றுமதி நிறுவனமும் உங்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும். எழுதப் பொருள் குறைந்துவிடாது: பருவத் தொடக்கத்தில் வரும் பெங்களூராவின் பிரிக்ஸ் 14-ஐத் தொடாதபோது என்ன செய்வது என்பதை மட்டுமே மூன்று பதிவுகளாக எழுதலாம்.

அந்த நாற்பது பேரில் எவரேனும் கேள்வி கேட்டிருந்தால், அதற்கு விரிவான பதிலை இந்த வாரமே எழுதிவிடுங்கள்; மே மாதத்தில் லாரிகள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டால் உங்களுக்கு நேரம் கிடைக்காது.