டியூடர் காலத்து வேர்வைக் காய்ச்சல்: உங்க கேள்விகளும் என் பதிலும்

1485ல இருந்து 1551க்குள்ள டியூடர் ராஜவம்சம் ஆண்ட இங்கிலாந்துல அஞ்சு தடவ பரவிட்டு அப்படியே காணாம போன ‘ஸ்வெட்டிங் சிக்னஸ்’ பத்தி கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கேள்வி: அக்கா, இது பிளேக்தானே? பேரு மட்டும் வேறயா?

பதில்: இல்லப்பா. பிளேக்னா அக்குள்லயும் தொடை இடுக்குலயும் நெறி கட்டும், இதுல அது கெடையாது. திடீர்னு குளிர் நடுக்கம், தலைவலி, கழுத்து வலி, அப்புறம் உடம்பு கொதிச்சு வேர்வை ஊத்தும், தாகம், படபடப்பு, கடைசியா அசத்துற தூக்கம். 24 மணி நேரத்த தாண்டிட்டா பெரும்பாலும் பொழச்சுக்குவாங்க. 1551ல இத நேர்ல பாத்த டாக்டர் ஜான் கீஸ் அடுத்த வருஷமே இதப் பத்தி ஒரு புத்தகம் போட்டாரு, அதுல ஜன்னலத் தெறக்கும்போதே செத்தவங்க, வாசல்ல புள்ளைங்களோட விளையாடிட்டு இருந்தப்பவே செத்தவங்கன்னு எழுதிருக்காரு. படிச்சப்ப எனக்கு கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் திருப்பத் தோணல.

கேள்வி: ஏழாம் ஹென்றி கூட்டிட்டு வந்த பிரெஞ்சு கூலிப்படைதான் கொண்டு வந்துச்சுன்னு சொல்றாங்களே?

பதில்: ரொம்ப நாளா சொல்றதுதான், ஆனா எனக்கு ஒப்பல. 1485ல ஏழாம் ஹென்றி, ராஜா மூணாம் ரிச்சர்ட ஜெயிச்சு ஆட்சியப் பிடிச்ச பாஸ்வொர்த் சண்டைக்கு முன்னாடி, ரிச்சர்ட் ஆள் அனுப்பி வரச் சொன்னப்ப, ஸ்டான்லி பிரபு எனக்கு வேர்வை நோய்னு சாக்கு சொல்லி தட்டிக் கழிச்சதா குரோய்லண்ட் மடத்துக் குறிப்புல இருக்கு. சாக்கா சொல்ற அளவுக்கு அந்த நோய் ஏற்கனவே ஊருக்குள்ள தெரிஞ்சிருக்கு பாருங்க.

கேள்வி: என்ன வைத்தியம் பண்ணாங்க சார்?

பதில்: சார் இல்லம்மா, அக்கா. தூங்க விடக் கூடாது, அதான் முதல் வைத்தியம். ஒரு நாள் முழுக்க போர்வைய விலக்காம படுக்க வச்சு, பக்கத்துல ஒருத்தர் உக்காந்து கண்ண மூட விடாம பேசிட்டே இருக்கணும்.

கேள்வி: ஆன் பொலினுக்கும் வந்துச்சாமே?

பதில்: ஆமா, 1528ல, எட்டாம் ஹென்றி ராஜாவோட ரெண்டாவது ராணியா ஆகறதுக்கு முன்னாடி. ஹீவர்ல, தன் குடும்பத்துக் கோட்டையில படுத்திருந்தாங்க, ஹென்றி தன்னோட டாக்டர் பட்ஸ அனுப்பி வச்சாரு, பொழச்சுட்டாங்க. ஆனோட அக்கா மேரியோட புருஷன் வில்லியம் கேரி அதே ஜூன்ல போயிட்டாரு.

கேள்வி: இதுக்குக் காரணம் ஹான்டா வைரஸ்னு சொல்றது சரியா?

பதில்: பாதி ஒட்டுது. 1993ல அமெரிக்கால எலி எச்சத்து மூலமா பரவி, திடகாத்திரமா இருந்த இளவட்டங்கள சாய்ச்சுச்சே, அதப் பாத்துட்டுதான் அந்த யோசனையே வந்துச்சு. ஆனா ஹான்டா ஆள முடிக்க சில நாள் எடுக்கும், இது சில மணி நேரத்துல முடிச்சிரும், அங்கதான் எனக்கு இடிக்குது. எலும்புல இருந்து டிஎன்ஏ எடுத்து உறுதி பண்ற வரைக்கும் நான் எதையும் தலையில அடிச்சு சொல்ல மாட்டேன்.

கேள்வி: பணக்காரங்களத்தான் அதிகமா தாக்குச்சாம், ஏன்?

பதில்: ஏழைங்க சாவ யாரும் அவ்வளவா எழுதி வைக்கல, அதனால அந்தக் கணக்க நான் முழுசா நம்பல. ஆனா பெரிய எடத்துல நெறைய பேர் போனது உண்மை, 1485ல லண்டன்ல மட்டும் அடுத்தடுத்து ரெண்டு மேயர். எனக்கு மறக்கவே முடியாதது சஃபோக் டியூக் குடும்பத்து பிராண்டன் பசங்க. கேம்பிரிட்ஜ்ல படிச்சிட்டிருந்தவங்கள நோய்க்குப் பயந்து பக்டன்ங்கிற ஊருக்குக் கொண்டு போனாங்க, 1551 ஜூலை 14ல 15 வயசு ஹென்றி செத்தான், சஃபோக் டியூக் பட்டம் தம்பி சார்ல்ஸுக்கு வந்துச்சு, கொஞ்ச நேரத்துலயே அவனும் போயிட்டான். அம்மா கேத்தரினுக்கு அப்ப இருந்ததே அந்த ரெண்டு புள்ளைங்கதான்.