எம்டிபி சைக்கிளில் உட்கார்ந்தாலே வலிக்கிறது, எந்த சீட் வசதியாக இருக்கும்?

கேள்வி கேட்டவர் சென்னை மேடவாக்கத்தில் இருக்கிறார். எம்டிபி, அதாவது மலைப்பாதைக்கான மவுண்டன் பைக், வாங்கிச் சில மாதம் ஆகிறது. ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துக் கோவளம் வரை போய் வருகிறார். முக்கால் மணி நேரத்தில் உட்காரும் இடம் வலிக்கிறது, கால் இடுக்கு மரத்துப் போகிறது. ஜெல் கவர் போட்டும் குறையவில்லை. வசதியான சீட் எது, ஒரு நாள் மலைப்பாதைக்கும் போக ஆசை, அதற்கும் அதே சீட் ஆகுமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த ஜெல் கவரைக் கழற்றி வைத்துவிடுங்கள். கடையில் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தால் அது சுகமாகத்தான் தெரியும். முழு எடையும் அதன் மேல் இறங்கும்போது கதை வேறு. நம் இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முண்டுகள் இருக்கின்றன. வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் உறுத்துமே, அவைதான். சைக்கிளில் எடையைத் தாங்க வேண்டியவை அவை இரண்டும். சீட் அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தால் எலும்பு அதற்குள் புதைந்துவிடும், நடுவில் இருக்கும் ஜெல் பிதுங்கி மேலே வரும். உடம்பில் அந்த இரண்டு முண்டுக்கும் நடுவில் இருப்பது சதையும் ரத்தக் குழாயும் புடெண்டல் என்ற நரம்பும். அவை நசுங்குவதால்தான் மரத்துப் போகிறது. அதாவது உங்களுக்கு இருக்கும் இரண்டு தொந்தரவில் ஒன்றை அந்தக் கவரே கூட்டிக்கொண்டிருக்கலாம்.

வலி என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். எலும்பு முண்டுகளில் மட்டும் இருக்கும் வலி, புதிதாக ஓட்டுபவர் எல்லோருக்கும் வரும். விடாமல் ஓட்டினால் சில வாரத்தில் தானாகக் குறையும். அப்படியும் குறையாவிட்டால் சீட்டின் அகலம் உங்கள் எலும்புக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். தொடையின் உள்பக்கம் உராய்ந்து எரிந்தால் அதற்கு உடையோ, அகலம் அதிகமான சீட்டோ காரணம். மரத்துப் போவது மட்டும் பழகிப் போக வேண்டிய விஷயமே இல்லை. அதைத் தாங்கிக்கொண்டு ஓட்டாதீர்கள். சீட்டை இறக்கி, சாய்த்து, மாற்றிப் பார்த்தும் மரத்துப் போனால், அல்லது வீட்டுக்கு வந்த பிறகும் உணர்வு திரும்ப நேரமானால், மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு பலர் இதை வெளியே சொல்வதே இல்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி சென்னைக்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல். எம்டிபி சீட்டை வடிவமைப்பவர்கள் மனதில் இருப்பது மலைப்பாதை. அங்கே இறக்கத்தில் பெடல் மேல் எழுந்து நிற்க வேண்டும், செங்குத்தான ஏற்றத்தில் சீட்டின் மூக்குப் பக்கம் நகர வேண்டும், கல்லும் வேரும் வந்தால் சீட்டை விட்டுக் கொஞ்சம் எழும்ப வேண்டும். உட்காருவதும் எழுவதுமாகவே பொழுது போய்விடும். நம் ஊரிலோ திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் தட்டைத் தரை. ஒரே இடத்தில், ஒரே வாக்கில், இறங்காமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் வலியில்லாமல் ஏறிவிட்டு, அடுத்த வாரம் ஈசிஆரில் நெளிபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சீட் கெட்டுப்போகவில்லை, எழுந்திருக்க சாலையில் காரணமே வரவில்லை, அவ்வளவுதான். அதனால் காரணத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கியர் கூட்டி, எழுந்து நின்று பத்துப் பதினைந்து மிதி மிதியுங்கள். ரத்த ஓட்டம் திரும்பிவிடும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் புட்டத்தைத் தூக்குங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இதுதான், பலன் அன்றைக்கே தெரியும்.

புது சீட் வாங்கும் முன் இருக்கும் சீட்டைச் சரியாக வைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். உயரத்துக்குச் சுலபமான வழி: சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடல் மேல் வைத்து, பெடலைக் கீழே கொண்டுபோனால் முழங்கால் நேராக வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அது போதும். சீட் இதற்கு மேல் உயர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டமே உராய்வும் எரிச்சலும். பின்னால் வரும் நண்பரிடம் கவனிக்கச் சொன்னால் அவர் சொல்லிவிடுவார். மிகத் தாழ்வாக இருந்தாலும் தொல்லை: காலில் இறங்க வேண்டிய எடை முழுக்க சீட்டில் இறங்கும், முழங்காலும் கெடும். சீட்டைத் தாங்கும் குழாய்தான் சீட் போஸ்ட். அதில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள், உயர்த்தும்போது அது ஃபிரேமுக்கு வெளியே தெரியக் கூடாது.

அடுத்தது சாய்வு. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இருந்தால் சீட் மேல் நீளவாக்கில் வையுங்கள். இல்லையென்றால் ஒரு தட்டையான புத்தகத்தை வைத்து, அதன் மேல் போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப்பைத் திறந்து வையுங்கள். சமமாக இருக்கட்டும். மரத்துப் போகிறவர்கள் மூக்கை ஒன்றிரண்டு டிகிரி இறக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் உடம்பு முன்னால் வழுக்கி, எடையெல்லாம் உள்ளங்கைக்கும் தோளுக்கும் போய்விடும். ஹேண்டில் பார் எட்டாமல் நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் சீட்டை அதன் கம்பிகளில் ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப் பாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். விலை குறைந்த எம்டிபிகளில் சீட்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப் பற்களால் கவ்வியிருக்கும், பக்கத்தில் ஒரு நட்டு. அந்தப் பல் தேய்ந்தால் நீங்கள் எத்தனை முறை சமமாக வைத்தாலும் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் சீட் பின்னால் சரிந்து மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். என் அலுவலக நண்பர் ஒருவர் சீட்டை மாற்றி மாற்றி அலுத்துப்போயிருந்தார். வேளச்சேரியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் சீட்டைத் தொடவே இல்லை. கிளாம்பைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். “பாருங்க தம்பி, பல்லு பூராவும் மழுங்கிடுச்சு. இதுல தங்கத்துல சீட்டு போட்டாலும் நிக்காது” என்றார். கிளாம்பை மாற்றியதும் பழைய சீட்டே சரியாகிவிட்டது.

இவ்வளவும் செய்து பார்த்தும் எலும்பு வலி நிற்கவில்லை என்றால், அப்போது அளவெடுங்கள். வீட்டில் அமேசான், ஃபிளிப்கார்ட் அட்டைப்பெட்டி கிடக்கும். உள்ளே நெளிநெளியாக இருக்கும் அட்டையாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி, மாடிப்படியிலோ கெட்டியான ஸ்டூலிலோ போட்டு, மெல்லிய உடையோடு அதன் மேல் உட்காருங்கள். கால் முட்டியைச் சற்று உயர்த்தி, சைக்கிளில் எவ்வளவு குனிவீர்களோ அவ்வளவு குனிந்து, கையால் ஸ்டூலை இழுத்துக்கொண்டு அரை நிமிடம் அழுத்துங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழி தெரியும். சரியாகத் தெரியாவிட்டால் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பள்ளம் வெள்ளையாக நிற்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடு வரை அளந்தால், பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வரும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அகலம் அதிகம். ஆனால் வெளித் தோற்றத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. ஒல்லியான ஆளுக்கு அகலமாகவும், பருமனானவருக்குக் குறுகலாகவும் இருப்பது சகஜம்.

அந்த அளவோடு எம்டிபி போல மிதமாகக் குனிந்து ஓட்டுபவர் சுமார் 2 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். ரோடு பைக் போல நன்றாகக் குனிபவருக்கு 1 போதும், நிமிர்ந்து உட்காருபவருக்கு 3 அல்லது 4 வேண்டும். குனியக் குனிய எலும்பின் குறுகிய பகுதி கீழே வருகிறது என்பதுதான் கணக்கின் அடிப்படை. தாத்தா காலத்து ஹெர்குலிஸ், ராலே சைக்கிளில் முறம் மாதிரி ஸ்பிரிங் சீட் இருந்ததற்கும் இதே காரணம், அவர்கள் நெஞ்சை நிமிர்த்தி ஓட்டினார்கள். அதே சீட்டை எம்டிபியில் மாட்டிக் குனிந்து மிதித்தால் தொடை இரண்டும் உரசிப் புண்ணாகிவிடும். ஆகவே 11 சென்டிமீட்டர் எலும்பு அளவு என்றால் 13 சென்டிமீட்டரை ஒட்டிய சீட்டைத் தேடுங்கள். ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஒரே மாடலை 143, 155 மில்லிமீட்டர் என்று அகலம் போட்டு விற்கிறது. டபிள்யூடிபி, எர்கான், ஃபிசிக், எஸ்க்யூலாப் எல்லோரும் ஒன்றுக்கு மேற்பட்ட அகலத்தில் தருகிறார்கள். பெட்டியில் அகலமே குறிப்பிடாத சீட் என்றால் டேப்பை எடுத்துப் பின்பக்கத்தை அளந்து பார்த்து வாங்குங்கள்.

உங்களுக்கு மரத்துப் போவதும் இருப்பதால் நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டாகப் பாருங்கள். மேல் நுரை கெட்டியாக இருக்கட்டும். மலைப்பாதைக்கும் ஆக வேண்டும் என்கிறீர்கள், அப்படியானால் இன்னும் மூன்று விஷயம் பாருங்கள். மூக்கு ஊசியாக இல்லாமல் கொஞ்சம் தட்டையாக இருந்தால் ஏற்றத்தில் முன்னால் நகர்ந்து உட்காரும்போது குத்தாது. பின்பக்க ஓரங்கள் வழவழவென்று வளைந்திருந்தால் இறக்கத்தில் சீட்டுக்குப் பின்னால் போய்த் திரும்பும்போது ஷார்ட்ஸ் மாட்டாது. விளிம்பில் தையல் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. இப்படி ஒன்று கிடைத்தால் ஈசிஆருக்கும், வண்டலூர் தாண்டி ஏரிக்கரை மண்பாதைகளுக்கும், ஏலகிரிக்கும் அதுவே போதும். இறக்கம் அதிகமுள்ள பாதையில் சீட்டை இரண்டு மூன்று அங்குலம் இறக்கிக்கொண்டால் உடம்பைப் பின்னால் கொண்டுபோகத் தாராளமாக இடம் கிடைக்கும். ஹேண்டிலில் இருக்கும் பொத்தானை அமுக்கியதும் இறங்கும் டிராப்பர் போஸ்ட் இதற்காகவே வந்தது. அடிக்கடி மலைக்குப் போகாதவருக்கு அந்தச் செலவு வேண்டாம்.

தோல் சீட் பற்றியும் சிலர் சொல்வார்கள். இங்கிலாந்தின் புரூக்ஸ் 1866 முதல் இருக்கும் நிறுவனம், அவர்களுடைய பி17 நாளாவட்டத்தில் உட்காருபவர் உடம்புக்கு ஏற்பக் குழிந்து பொருந்திக்கொள்ளும். எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நம் ஊர் வேர்வையும் ஐப்பசி மழையும் தோலுக்கு ஆகாது. நனைந்த தோல் சீட்டில் உட்கார்ந்து ஓட்டினால் அது தொய்ந்து உருக்குலைந்துவிடும். சேற்றில் ஓட்டும் எம்டிபிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஜெல் கவருக்குப் பதில் பேட் வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸ் வாங்குங்கள். மெத்தை சீட்டில் இல்லாமல் உங்கள் உடம்போடு ஒட்டி நகர வேண்டும், அதுதான் வித்தியாசம். உள்ளே ஜட்டி போடக் கூடாது. இதைச் சொன்னால் எல்லோரும் தயங்குகிறார்கள், ஆனால் பருத்தி ஜட்டி சென்னை வேர்வையை உறிஞ்சி, அதன் தையல் ஈரத்தோடு தோலை அறுப்பதால்தான் பாதிப் புண்ணே வருகிறது. வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துவைத்துவிடுங்கள், அதே ஈரத்தோடு டீக்கடையில் ஒரு மணி நேரம் அரட்டை வேண்டாம். பெண்களுக்கான பேட் வடிவம் வேறு, கேட்டு வாங்க வேண்டும்.

டயரையும் ஒரு பார்வை பாருங்கள். பஞ்சர் கடையில் கம்ப்ரசரை வைத்துக் கல்லாகும்வரை காற்றடித்துவிடுவார்கள். எம்டிபியின் அகலமான டயர் பாதி அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளக்கூடியது, அதைக் கல்லாக்கினால் ஒவ்வொரு பள்ளமும் நேராக சீட்டுக்கு வரும். டயரின் பக்கவாட்டில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று பிஎஸ்ஐ அச்சிட்டிருக்கும். உங்கள் எடை அதிகமில்லை என்றால் அதில் நடுவுக்குக் கீழேயே வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, புது சீட்டை மாட்டும் நாளில் சீட் போஸ்டை முழுக்க உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடச் சொல்லுங்கள். கார்பன் ஃபிரேமோ கார்பன் போஸ்டோ என்றால் மட்டும் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று தனிப் பசை இருக்கிறது. கடல் காற்றிலும் மழையிலும் அலுமினியப் போஸ்ட் இரும்பு ஃபிரேமுக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டால் பிறகு உயரத்தை மாற்றவே முடியாது. பழைய சீட்டின் உயரத்தையும் பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது சீட் பழையதை விடத் தடிமனாகவோ மெல்லியதாகவோ இருக்கும், அந்த அளவுக்கு வைத்து ஆரம்பித்து, இரண்டு மூன்று ஞாயிறு ஓட்டிப் பார்த்தபின் அரை சென்டிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள்.