தம்பியின் காசினோ கடனுக்கு நான் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. திருமணம் ஆகவில்லை. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறான். 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டிய பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் எப்போது சீட்டு வாங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற அட்டவணை முழுவதும் அவனுக்கு மனப்பாடம். பிறகு சீட்டு எண்ணவும் கற்றுக்கொண்டான். ஆரம்பத்தில் ஜெயித்தான். ஒரு காசினோவில் அவன் எண்ணுவதைக் கண்டுபிடித்து, தனி அறைக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்து, இனி வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கையில் இருந்த சிப்புகளையும், அதாவது ஆடுவதற்குப் பணத்துக்குப் பதிலாகத் தரும் வில்லைகளையும், மாற்றித் தரவில்லை. அதன்பின் இன்னொரு காசினோவில் கடன் வாங்கி ஆடி, ஒரு வருடச் சம்பளத்துக்கு மேல் தோற்றுவிட்டான். இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. நிறுவனப் பணத்திலும் கை வைத்ததாகப் போன வாரம் என்னிடம் அழுதபடி சொன்னான். "என் உத்தி சரிதான், இன்னும் ஒரு தடவை போதும்" என்று சொல்லி, வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்க என் கையெழுத்தைக் கேட்கிறான். சீட்டு எண்ணியது குற்றமா? அடிமையாகிவிட்டான் என்று தெரிந்தே ஆடவிட்டவர்களிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாதா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, கையெழுத்துப் போடாதீர்கள். வயது வந்த ஒருவர் வாங்கிய கடன் அவருடையது. அக்கா என்ற உறவு மட்டுமே உங்களை அதற்குப் பொறுப்பாக்காது. ஜாமீனாகவோ இணைக் கடனாளியாகவோ நீங்கள் கையெழுத்திட்டால்தான் அந்தக் கடன் உங்கள் வாசலுக்கு வரும். வீட்டுப் பத்திரமும் அப்படித்தான். அதை இழந்தால் எந்தச் சூதாட்டச் சட்டத்தைக் காட்டியும் மீட்க முடியாது, ஏனென்றால் அந்தக் கடனைக் கொடுத்தது காசினோ அல்ல, வங்கியோ வட்டிக்காரரோதான்.

நீங்கள் இடையில் ஒரே வரியில் எழுதியிருக்கும் நிறுவனப் பணம்தான் எனக்கு முதல் கவலை. சீட்டு எண்ணிய விஷயம் அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது. பொறுப்பில் இருப்பவர் அந்தப் பணத்தைத் தன் உபயோகத்துக்கு எடுத்தால், திருப்பி வைத்துவிடும் எண்ணம் இருந்தது என்பது பொதுவாக நல்ல எதிர்வாதம் ஆகாது. பணத்தைத் திருப்பிக் கட்டினால் தண்டனை குறையலாம், நிறுவனம் சமாதானத்துக்கு வரலாம், ஆனால் நடந்த குற்றம் நடக்காததாகிவிடாது. ஆகவே உங்கள் தம்பி மேலாளரிடம் ஓடிப்போய் ஒப்புக்கொள்வதற்கும், மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்பதற்கும், கணக்கில் இன்னொரு பொய்ப் பதிவு போட்டு மறைப்பதற்கும் முன்னால், அந்த ஊரில் குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்க வேண்டும். இந்த வாரமே பார்க்க வேண்டும். மறைக்க எழுதும் ஒவ்வொரு புதுப் பதிவும் தனிக் குற்றமாகலாம். வழக்கறிஞரிடம் சொல்வது ரகசியமாக இருக்கும்; உங்களிடம் சொன்னதற்குப் பெரும்பாலான நாடுகளில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் விவரங்களை இனி நீங்கள் கேட்டு வாங்காதீர்கள்.

இதில் உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு வழக்கு உண்டு. இங்கிலாந்தில் ஒரு சட்ட நிறுவனத்தின் கூட்டாளி, கட்சிக்காரர்களின் பணத்தை எடுத்து பிளேபாய் கிளப்பில் சூதாடித் தோற்றார். லிப்கின் கோர்மன் வழக்கு என்று அதைச் சொல்வோம். அந்தச் சட்ட நிறுவனம் கிளப்பின் மீது வழக்குப் போட்டது. "பணத்துக்குப் பதில் சிப் கொடுத்தோமே" என்பது கிளப்பின் வாதம். 1991-இல், அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. அன்றைய சட்டப்படி சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது என்பதால், கிளப் அந்தப் பணத்துக்கு ஈடாக எதையும் கொடுத்ததாகக் கருத முடியாது என்று சொல்லி, கிளப்பிடம் நிகரமாகத் தங்கியிருந்த ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பவுண்டைத் திருப்பித் தர உத்தரவிட்டது. பணம் திரும்பியது ஆடியவருக்கு அல்ல, பறிகொடுத்தவர்களுக்கு. ஆடியவர் சிறைக்குப் போனார். பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் சூதாட்ட ஒப்பந்தங்களைச் செல்லத்தக்கவை ஆக்கிவிட்டதால், அதே வாதம் இன்று அங்கே அப்படியே எடுபடும் என்று நம்ப முடியாது. ஆனாலும் உங்கள் தம்பியின் நிறுவனத்துடன் பேச்சு நடக்கும்போது, பணம் எந்தக் காசினோவுக்கு, எந்தத் தேதியில் போனது என்ற கணக்கு மதிப்புள்ளது. வங்கி அறிக்கைகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்போது சீட்டு எண்ணுவது. மேசையில் விழும் சீட்டுகளைக் கண்ணால் பார்த்து மனதுக்குள் கணக்கு வைப்பது ஏமாற்று அல்ல. இரண்டிலிருந்து ஆறு வரை வந்தால் ஒன்று கூட்டி, பத்து மதிப்புள்ள சீட்டோ ஏஸோ வந்தால் ஒன்று கழித்து, மீதிக் கட்டில் பெரிய சீட்டு மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதானே அது? சட்டத்துக்கு அதில் வேலையில்லை. ஆனால் காசினோ அவரை ஆடவிட்டே தீர வேண்டும் என்றும் பல இடங்களில் சட்டம் சொல்லவில்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் அவரை வெளியே போகச் சொல்லலாம். வரக்கூடாது என்று எச்சரித்த பிறகு மறுபடி நுழைந்தால் அத்துமீறல் வழக்கு வரும். நியூ ஜெர்சியில் நிலைமை வேறு. கென் உஸ்டன் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், காசினோ தன் இஷ்டத்துக்கு எண்ணுபவர்களை விலக்க முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. காசினோக்கள் வேறு வழியைப் பிடித்தன: ஆட்டத்தில் கூடுதல் சீட்டுக்கட்டுகளைச் சேர்த்தன, சீட்டை அடிக்கடி கலைத்தன. ஆடும் உரிமை மிஞ்சியது, ஆதாயம் மெலிந்தது.

அவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: எண்ணுவதற்குக் கைபேசியையோ வேறு கருவியையோ மேசையில் பயன்படுத்தினாரா? ஆம் என்றால் கதை மாறும். நெவாடாவில் 1985 முதல் அது கடுங்குற்றம். சீட்டில் கை வைக்காமல்கூட எல்லையைத் தாண்ட முடியும். போக்கர் வீரர் ஃபில் ஐவி, 2012-இல் லண்டன் காசினோவில் புன்டோ பேங்கோ என்ற சீட்டாட்டம் ஆடும்போது, மதிப்பான சீட்டுகளை, சீட்டுப் போடும் டீலரைக் கொண்டே ஒரு பக்கமாகத் திருப்பி வைக்கச் செய்து, பின்புறக் கோலத்தில் இருந்த நுண்ணிய வேறுபாட்டைப் பார்த்து ஏறத்தாழ 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். காசினோ பணம் தர மறுத்தது. தான் செய்தது ஏமாற்று அல்ல என்று அவர் மனதார நம்பியதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. இருந்தும் 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பார்ப்பது வேறு, சீட்டைத் தனக்கு வசதியாக அமைப்பது வேறு.

உங்கள் தம்பி எண்ண மட்டுமே செய்தார் என்றால், சிப்புகளை மாற்றித் தர மறுத்தது தவறு என்றே வாதிடுவேன். சிப் என்ற துண்டு காசினோவின் சொத்தாக இருக்கலாம். ஆனால் நியாயமாகக் கையில் வந்த சிப்பைப் பணமாக்கித் தருவது அவர்கள் கடமை. தனி அறையில் உட்கார வைத்ததும் விசாரணைக்கு உரியது. ஏமாற்றியதாக நியாயமான சந்தேகம் இருந்தால் தடுத்து வைக்கும் அதிகாரம் சில சட்டங்களில் உண்டு, எண்ணியதற்காக மட்டும் கிடையாது. சிப்புகள், பெற்ற ரசீதுகள், அன்றைய தேதி, நேரம், மேசை, பேசியவர்களின் பதவி எல்லாவற்றையும் எழுதி, அந்த ஊர்ச் சூதாட்டக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் புகார் அனுப்பலாம். நெவாடாவில் 500 டாலருக்குக் குறையாத தகராறு தீராவிட்டால் காசினோவே உடனே அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கண்காணிப்புக் கேமரா பதிவுகள் நெடுநாள் இருக்காது. அவற்றைப் பாதுகாக்கச் சொல்லும் கடிதம் முதலில் போக வேண்டும். அந்தச் சிப்புகளை மாற்றிவர நண்பர்கள் யாரையும் அனுப்பாதீர்கள்.

அடுத்தது கடன். காசினோவில் மார்க்கர் என்ற கடன் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால், அது வெறும் கைமாற்றுச் சீட்டு அல்ல. நெவாடாவில் 1983 முதல் அந்தக் கடனை நீதிமன்றத்தில் வசூலிக்கலாம். மார்க்கரும் காசோலைதான் என்று 2000-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எனவே வங்கியில் பணமில்லாமல் திரும்பினால் குற்ற வழக்குவரை போகலாம். பிரிட்டனில் காசினோ கடன் கொடுப்பதையே சட்டம் தடுக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் பந்தயம் செல்லாது என்ற விதி, வெளிநாட்டுக் காசினோ அங்கே பெற்ற நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராகத் தானாகவே கேடயம் ஆகிவிடாது. எனவே வந்திருக்கும் நோட்டீஸை யார் அனுப்பியது என்று பாருங்கள். காசினோவா, வசூல் நிறுவனமா, அரசு வழக்கறிஞர் அலுவலகமா? கடைசியாகச் சொன்னது என்றால் குறித்த நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் போக வேண்டும். தவணை கேட்டு ஒத்துக்கொள்வது பெரும்பாலும் நடக்கும் காரியம். நோட்டீஸைத் திறக்காமல் அலமாரியில் போட்டு வைப்பதுதான் ஆபத்து.

தோற்ற பணம் திரும்புமா என்று கேட்டீர்கள். மனம் கனத்துத்தான் எழுதுகிறேன்: பெரும்பாலும் இல்லை. மெல்போர்ன் கிரவுன் காசினோவில் 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் தோற்ற ஒருவர், தன் சூதாட்ட நோயைத் தெரிந்துகொண்டே தன்னைச் சுரண்டினார்கள் என்று வழக்குப் போட்டார். 2013-இல் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தன் நலனைத் தானே தீர்மானிக்கும் நிலையில் இல்லாதவர் அவர் என்று நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். இங்கிலாந்தில் நாய்ப் பந்தயப் பயிற்சியாளர் ஒருவர், தன் கணக்கை மூடச் சொல்லியும் பந்தய நிறுவனம் தொடர்ந்து பந்தயம் வாங்கியது என்று வழக்காடினார். நிறுவனம் அவரைத் தடுத்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனால் தடுத்திருந்தாலும் வேறிடத்தில் தோற்றிருப்பார் என்று சொல்லி இழப்பீட்டை மறுத்தது, 2008-இல். இந்தத் தர்க்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நோயைக் காட்டி உதவி கேட்டவனிடம், உன் நோய் தீவிரமானது என்பதாலேயே உனக்கு எதுவும் இல்லை என்று சொல்வது போல இருக்கிறது. ஆனாலும் சட்டம் இன்று நிற்கும் இடம் அது. அந்த வழக்குச் செலவை உங்கள் குடும்பம் தாங்க வேண்டாம்.

"உத்தி சரிதான்" என்கிறார். இதற்கு வழக்கறிஞரான நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பீர்கள். அந்த வாக்கியம்தான் உங்கள் பத்திரத்தைக் கேட்கிறது, அதனால் சொல்கிறேன். அட்டவணையைப் பிசகாமல் பின்பற்றினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் காசினோவின் சாதகம், அதாவது நெடுநாள் ஆட்டத்தில் ஒவ்வொரு பந்தயத்திலும் சராசரியாக அதற்கு மிஞ்சும் பங்கு, நூற்றுக்கு அரை அளவுக்கு இறங்கும். இறங்குமே தவிர மறையாது. பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் பத்துக்குப் 15 தர வேண்டிய இடத்தில் 12 தரும் மேசையில், அந்த ஒரு விதியே சாதகத்தை மேலும் நூற்றுக்கு 1.4 அளவு ஏற்றிவிடும். டீலருக்கு ஏஸ் தெரியும்போது கேட்கும் இன்ஷூரன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்; டீலரின் மறைந்த சீட்டு பத்து மதிப்புள்ளது என்று கட்டும் பக்கப் பந்தயம் அது, ஜெயித்தால் ஒன்றுக்கு இரண்டு தருவார்கள். ஆறு கட்டில் மீதமுள்ள 311 சீட்டில் பத்து மதிப்புள்ளவை 96. மூன்றில் ஒரு பங்கு இருந்தால்தான் அந்தப் பந்தயம் சமமாகும், இருப்பதோ அதற்குக் குறைவு.

சரி, அவர் திறமையாக எண்ணி நூற்றுக்கு ஒன்று சாதகத்தைத் தன் பக்கம் கொண்டுவந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 70 கை ஆடினால், ஒரே அளவு பந்தயத்தில் எதிர்பார்க்கும் லாபம் ஒரு பந்தயத்துக்கும் குறைவு. அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கமோ இரு பக்கமும் பத்துப் பந்தயம் அளவுக்கு இருக்கும். திறமை அந்த ஏற்ற இறக்கத்துக்குச் சமமாக எழுந்து நிற்க 13,000 கைக்கு மேல் ஆட வேண்டும். அப்போதும் உத்தேசமாக ஆறில் ஒருவர் நஷ்டத்தில்தான் இருப்பார். அவ்வளவு தாங்கும் முதல் இருப்பவர்கள், இழந்தாலும் சாப்பாட்டுக்குக் குறைவில்லாத பணத்தில், குழுவாக ஆடுகிறார்கள். கடன் பணத்தில், கெடு வைத்து, விட்டதைப் பிடிக்க உட்காரும் ஒருவருக்கு "இன்னும் ஒரு தடவை" என்பதில் உத்தி எதுவும் இல்லை. ஆரம்பத்தில் ஜெயித்தது திறமையா அதிர்ஷ்டமா என்று அவருக்கே தெரிந்திருக்க வழியில்லை.

இனி நடப்பதைத் தடுக்கச் சட்டத்தில் உண்மையான கருவிகள் உண்டு. தன்னை உள்ளே விட வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுக்கும் சுயவிலக்கு, காசினோ உள்ள பெரும்பாலான நாடுகளில் இருக்கிறது. சிங்கப்பூரில் மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் கேட்டே விலக்கு ஆணை பெறலாம். அக்கா நீங்களே மனுப் போடலாம் என்று அர்த்தம். பிரிட்டனில் உரிமம் பெற்ற இணையச் சூதாட்டத் தளங்கள் எல்லாம் கேம்ஸ்டாப் என்ற பொதுப் பட்டியலில் சேர்வது 2020 முதல் கட்டாயம். சிங்கப்பூர், நியூ ஜெர்சி போன்ற இடங்களில் விலக்கில் உள்ளவர் நுழைந்து ஜெயித்தாலும் அந்தப் பணம் அவருக்குக் கிடைக்காது. இதை அவரிடம் சொல்லுங்கள். ஜெயிக்கவே வழியில்லை என்று தெரிவது, சத்தியம் வாங்குவதைவிட நன்றாக வேலை செய்வதை என் கட்சிக்காரர்களிடம் பார்த்திருக்கிறேன். கூடவே, அவர் சம்மதத்துடன் வங்கியில் சூதாட்டப் பரிமாற்றங்களை நிறுத்தச் சொல்லலாம். சம்பளக் கணக்கை இரண்டு பேர் கையெழுத்துக்கு மாற்றலாம்.

மருத்துவரையும் பார்க்க வேண்டும். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு சூதாட்ட நோயை மது, போதை அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. இப்போதே தொடங்கும் சிகிச்சை, குற்ற வழக்கில் தண்டனையைக் குறைக்கக் கோரும்போது நம் கையில் உள்ள வலுவான ஆவணமாகவும் இருக்கும். ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை. கடனும் வேலை போகும் பயமும் அவமானமும் ஒரே நேரத்தில் ஒருவர் மேல் விழும்போது உயிருக்கே ஆபத்து நேர்வதுண்டு. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகம் திருப்பினாலோ, தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். நோட்டீஸ், நிறுவனம், சிப் எல்லாம் அதற்குப் பிறகு.

எந்த நாட்டுக் காசினோ என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், நோட்டீஸின் இரு பக்கப் பிரதியையும், அவர் கையெழுத்திட்ட கடன் தாளின் பிரதியையும் அனுப்பினால் கடன் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும். ஏற்கெனவே ஏதாவது தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், சாட்சியாக மட்டும் என்று சொல்லி வாங்கியிருந்தாலும், அதையும் மறைக்காமல் சேர்த்து அனுப்புங்கள்.