நித்யகல்யாணியைக் குடுவையில் வளர்த்தால் மருந்து கிடைக்குமா? கேள்வி பதில்

திசு வளர்ப்புக் கூடத்தில் நித்யகல்யாணியோடு வேலை செய்பவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தாவரவியல் மாணவி: வேலியோரம் தானாகவே முளைக்கிற செடியாயிற்றே, அதற்கு எதற்கு ஆய்வகம்?

செடிக்குப் பஞ்சமில்லை அம்மா, மருந்துக்குத்தான் பஞ்சம். இந்தச் செடியிலிருந்து வரும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் 1 கிராம் கிடைக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் என்றால் 2,000 கிலோவுக்கும் மேல். விதையில் வரும் செடிகளில் இந்த அளவு செடிக்குச் செடி மாறும். அதிகம் தரும் செடியின் கணுவை வெட்டி, கிருமி நீக்கி, குடுவையில் ஊடகத்தில் (சத்துக் கலவையில்) வைத்தால் அச்சு அசலாக அதே செடியைப் பெருக்கலாம்.

மருந்தியல் மாணவர்: செடியே வேண்டாம், செல்களை மட்டும் தொட்டியில் வளர்த்தால் போதாதா சார்?

எல்லோரும் முட்டி நிற்கும் இடமே இதுதான். வின்பிளாஸ்டின் உருவாக, செடி தயாரிக்கும் கேதரந்தின், வின்டோலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் சேர வேண்டும். கேதரந்தின் வேர் வளர்ப்பிலேயே கிடைத்துவிடும். வின்டோலின் அப்படி வராது. அதன் கடைசிப் படிகள் இலையிலுள்ள சில தனிவகைச் செல்களில் நடப்பவை, அதற்கு வெளிச்சமும் வேண்டும். குடுவையில் வளரும் கேலஸ் உருவமில்லாத செல் கூட்டம். அதில் அந்தச் செல்களே இருக்காது. இலையிலும்கூட இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. கேதரந்தின் பெரும்பாலும் மேற்பரப்பு மெழுகில், வின்டோலின் உள்ளே. ஒரு சின்ன இலை இவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அதே மாணவர்: வேறு எந்த விஷச்செடியிலாவது இது பலித்திருக்கிறதா?

யூ மரத்தில் பலித்தது. பசிபிக் யூவின் பட்டையை உரித்துத்தான் முதலில் பாக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்தார்கள். பட்டை போனால் மரம் செத்துவிடும். இன்று யூ செல்களைத் தொட்டிகளில் வளர்த்தே மருந்து தயாரிக்கிறார்கள். செடிகளின் தற்காப்புச் சமிக்ஞையான மெத்தில் ஜாஸ்மோனேட்டைச் சேர்த்தால் செல்கள் ஏதோ தாக்குதல் வந்ததுபோல இன்னும் அதிகமாகச் சுரக்கும். நித்யகல்யாணியின் கேதரந்தின், வின்டோலின் இரண்டையும் 2022-ல் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில் உருவாக்கி, பிறகு இணைத்தும் காட்டினார்கள். கிடைத்த அளவு மிகச் சொற்பம்.

இல்லத்தரசி: சர்க்கரைக்கு இந்தப் பூவைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா?

வேண்டாம் அம்மா. ஜமைக்காவில் சர்க்கரைக்குக் குடித்த இதே செடியின் இலையை 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, ரத்த வெள்ளணுக்கள் சரிந்தன. புற்றுநோய் மருந்து கிடைத்ததே அப்படித்தான்.

தூத்துக்குடி விவசாயி: திசு வளர்ப்புக் கன்று வாங்கி நடலாமா?

மானாவாரிக்குக் கட்டுப்படியாகாது அண்ணே. விதையே போதும். ஈஸ்ட் வந்துவிட்டதே என்றும் இப்போதைக்குப் பயப்பட வேண்டாம், மருந்துக்கு மூலம் இன்னும் உங்கள் இலைதான்.